உயர்வெப்பத்தில் உலோகத் தவழ்வு: ஆய்வகம் அளப்பதும் கணிப்பதும்

அனல்மின் நிலையத்தில் கொதிகலனிலிருந்து சுழலிக்கு நீராவியைக் கொண்டுசெல்லும் முதன்மைக் குழாய், வடிவமைப்பைப் பொறுத்து 540 முதல் 600 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில், உள்ளழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு பல்லாண்டுகள் நிற்க வேண்டும். அந்த எஃகின் ஒரு துண்டை அறைவெப்பத்தில் இழுத்துப் பார்த்தால், குழாயில் அது சுமக்கப்போகும் தகைவை, அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசையைப் போலப் பல மடங்கைத் தாங்கும்; 600 பாகையில் சில நிமிடங்களுக்குள் இழுத்து முடித்தாலும் போதிய வலிமை இருப்பதாகவே தோன்றும். ஆனால் அந்தச் சிறிய தகைவையே கூட்டாமல் குறைக்காமல் மாதக்கணக்கில் அதன்மேல் நிறுத்திவைத்தால், உலோகம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் முறிந்துவிடும். க்ரீப் எனப்படும் தவழ்வு இதுதான். ஆகவே உயர்வெப்பத்தில் ஓர் உலோகத்தின் வலிமை எவ்வளவு என்ற கேள்விக்கு, எத்தனை மணி நேரத்துக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை உண்டு.

பொறியாளர்கள் வழக்கமாகக் கேட்கும் காலம் ஒரு லட்சம் மணி நேரம். இடைவிடாமல் ஓடினால் ஏறத்தாழ 11 ஆண்டு 5 மாதம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பு, தவழ்வு நிகழும் வெப்பநிலைகளில் அனுமதிக்கத்தக்க தகைவை முடிவுசெய்ய மூன்று எண்களைப் பார்க்கிறது. ஆயிரம் மணி நேரத்துக்கு 0.01 விழுக்காடு என்ற வீதத்தில் உலோகத்தை நீளச்செய்யும் சராசரித் தகைவு ஒன்று. ஒரு லட்சம் மணி நேரத்தில் முறிக்கும் சராசரித் தகைவில் 67 விழுக்காடு இன்னொன்று. அதே காலத்துக்கான குறைந்தபட்ச முறிவுத் தகைவில் 80 விழுக்காடு மூன்றாவது. இவற்றுள் எது சிறியதோ அதுவே எல்லை. ஆனால் ஒரு புதிய எஃகைச் சந்தைக்குக் கொண்டுவர யாரும் 11 ஆண்டுகள் காத்திருப்பதில்லை. அட்டவணையில் ஒற்றை எண்ணாக அச்சாகும் அந்த வலிமையில் ஒரு பகுதி அளக்கப்பட்டது, மறு பகுதி கணிக்கப்பட்டது. இரண்டும் எங்கே ஒட்டப்பட்டிருக்கின்றன என்பதை அறியாமல் அந்த எண்ணை நம்புவதற்கில்லை.

தவழ்வு எப்போது தொடங்கும் என்பதற்கு உலோகவியலாளர்கள் கையாளும் தோராயமான அளவுகோல் உருகுநிலையே. கெல்வின் அளவில் உருகுநிலையின் பத்தில் நான்கு பங்கைத் தாண்டினால், தவழ்வைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஈயம் சுமார் 600 கெல்வினில் உருகுவதால் அறைவெப்பமே அதற்குப் பாதி வழி. பழைய கட்டடங்களின் ஈயக் கூரைத் தகடுகள் தம் சொந்த எடையாலேயே காலப்போக்கில் சரிந்து தொங்குவதற்குக் காரணம் அதுவே. எஃகுக்கு இந்த எல்லை 450 பாகை செல்சியஸை ஒட்டி வருகிறது. இந்த வெப்பநிலையில் அணுக்கள் படிக அமைப்பிலுள்ள காலியிடங்களுக்குத் தாவித் தாவி இடம்பெயரத் தொடங்குகின்றன. டிஸ்லொகேஷன் எனப்படும் கோட்டுக் குறைபாடுகள் குளிர்நிலையில் ஒரு நுண்துகளில் முட்டினால் அங்கேயே நின்றுவிடும். சூடான நிலையிலோ, அணுக்களின் இந்த இடப்பெயர்வைப் பயன்படுத்தி ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஏறித் தடையைக் கடந்துவிடும். தகைவு மிகக் குறைவாக இருக்கும்போது இந்தக் குறைபாடுகளின் துணையே இல்லாமல், அணுக்களின் ஓட்டத்தால் மட்டும் பரல்கள், அதாவது உலோகம் ஆக்கப்பட்டிருக்கும் சிறு படிகங்கள், உருமாறுவதும் உண்டு. அந்த ஓட்டம் பரலின் உள்ளே நடப்பதை நபாரோவும் ஹெர்ரிங்கும் 1948, 1950 ஆம் ஆண்டுகளிலும், பரல் எல்லை வழியாக நடப்பதைக் கோபிள் 1963-லும் கணித்து விளக்கினர். ஒரே உலோகத்தில் வெவ்வேறு தகைவுகளில் வெவ்வேறு இயக்கமுறைகள் மேலோங்கும் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கணிப்புகள் பொய்ப்பதற்கான வித்து இதில்தான் இருக்கிறது.

முறையான அளவீடு 1910-இல் ஆண்ட்ரேட் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குவதாகக் கொள்வது மரபு. ஈயக் கம்பிகளில் எடையைத் தொங்கவிட்டு அவை நீள்வதை அவர் அளந்தார். கம்பி நீள நீள அதன் குறுக்குவெட்டு சிறுத்து, எடை மாறாவிட்டாலும் தகைவு ஏறிவிடும் என்பதை அவர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார். அதைச் சரிக்கட்ட, வளைகோட்டு வடிவில் செய்த எடையொன்று கம்பி நீளும்போது திரவத்துக்குள் படிப்படியாக அமிழ்ந்து, மிதப்பு விசையால் சுமையைத் தேவையான அளவுக்குக் குறைத்துக்கொண்டே வருமாறு அமைத்தார். தொடக்கக் கட்ட நீட்சி நேரத்தின் கனமூலத்தைப் பின்பற்றுகிறது என்ற அவருடைய முடிவு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. நீராவியின் வெப்பத்தை உயர்த்தினால் எரிபொருள் மிச்சமாகும் என்பதால் 1920-களில் கொதிகலன் பொறியாளர்கள் இத்துறைக்குள் வந்தார்கள். தவழ்வு வீதம் தகைவின் ஓர் அடுக்காக வளர்கிறது என்று எஃகுக்கு நார்ட்டன் 1929-இல் எழுதிய விதி இன்னமும் வடிவமைப்புக் கணக்குகளின் அடித்தளம். அடுத்த பெரிய உந்துதல் ஜெட் எஞ்சினிலிருந்து வந்தது. 1940-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் உருவான நிமோனிக் நிக்கல் கலவைகள், சுழலி இதழ்கள் தவழ்ந்து நீளாமல் இருக்க வேண்டும் என்ற தேவைக்காகவே ஆக்கப்பட்டவை.

சோதனைக் கருவியைப் பார்த்தால் முதலில் வியப்புதான் மிஞ்சும். இவ்வளவு எளிய அமைப்பா என்று தோன்றும். செங்குத்தான இரும்புச் சட்டத்தின் உச்சியில் ஒரு நெம்புகோல். அதன் நீண்ட கையில் எடைத்தட்டு, குறுகிய கையில் இழுதண்டு. பத்துக்கு ஒன்று என்ற விகிதமுள்ள நெம்புகோலானால், தட்டில் 100 கிலோ வைத்தால் சோதனைத்துண்டின்மேல் ஒரு டன் சுமை விழும். நிக்கல் கலவையால் ஆன இரு இழுதண்டுகளுக்கிடையே துண்டு திருகப்பட்டு, குழாய் வடிவ மின்னுலையின் நடுவே தொங்கும். துண்டு நீளும்போது நெம்புகோல் சாயும். சாய்ந்தால் விகிதம் மாறும். அதனால் கீழ்ப் பிடியை ஒரு சிறு மோட்டார் அவ்வப்போது கீழிறக்கி, நெம்புகோலைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. எடைத்தட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். துண்டு முறிந்து தட்டு விழும் கணத்தில் அது நேரங்காட்டியை நிறுத்திவிடும். எத்தனையோ மின்னணுக் கருவிகள் வந்த பின்னும் நெடுங்காலச் சோதனைகளில் எடைக்கற்கள் நிலைத்திருப்பதில் பொருள் இருக்கிறது. புவியீர்ப்பு மின்வெட்டில் நிற்காது, அளவுதிருத்தமும் கேட்காது.

உண்மையான சிரமம் முழுவதும் உலைக்குள் இருக்கிறது. வெப்பநிலை சிறிது மாறினாலும் தவழ்வு வீதம் அடுக்குக்குறி முறையில் மாறும். 600 பாகையில் ஒரு லட்சம் மணி நேரம் தாங்கக்கூடிய எஃகு, 10 பாகை கூடினால் சுமார் 52 ஆயிரம் மணி நேரமே தாங்கும் என்று வழக்கமான கணக்கு காட்டுகிறது; 5 பாகை கூடினாலே 72 ஆயிரம். அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் இ139, 1000 பாகை செல்சியஸ் வரை இரண்டு பாகைக்கு மேல் விலகலை அனுமதிப்பதில்லை. பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 204, 600 பாகை வரை மூன்று பாகையை அனுமதிக்கிறது. இந்த வரம்பு ஒரு நாளைக்கு மட்டும் உரியதன்று, சோதனை ஓடும் ஆண்டுகள் முழுமைக்கும் உரியது; ஒரு புள்ளிக்கு மட்டும் உரியதுமன்று, அளவுநீளம் எனப்படும், துண்டில் நீட்சி அளக்கப்படும் பகுதி முழுமைக்கும் உரியது. சூடான காற்று குழாய்க்குள் மேலெழுவதால் உலையின் மேல்பகுதி எப்போதும் கூடுதலாகச் சூடேறும். அதனால் உலையை மூன்று பகுதிகளாகச் சுற்றித் தனித்தனியே கட்டுப்படுத்துவதும், இரு வாய்களையும் பீங்கான் பஞ்சால் அடைப்பதும், துண்டின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களில் தெர்மோகப்பிள் எனப்படும் இரு உலோகக் கம்பி வெப்பநிலை உணரிகளைக் கட்டுவதும் நடைமுறை.

அந்தத் தெர்மோகப்பிளைக் கட்டுவதிலும் நுட்பம் உண்டு. அதன் முனைக்குமிழ் உலோகப் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதேவேளை உலைச் சுவரின் கதிர்வீச்சு அதன்மேல் நேரடியாகப் படாதவாறு தீத்தாங்கு நாடாவால் மூடப்பட வேண்டும். மூடாமல் விட்டால் அது காட்டுவது துண்டின் வெப்பத்தை அன்று, சுவரின் வெப்பம் கலந்த ஏதோ ஓர் எண்ணை. குரோமெல், அலுமெல் என்ற இரு நிக்கல் கலவைக் கம்பிகளின் இணை மலிவானது. ஆனால் ஆயிரக்கணக்கான மணி நேரம் சூட்டில் கிடந்தால் அதன் மின்னழுத்தம் மெல்ல விலகி, சில பாகை பிழையைக் கொண்டுவந்துவிடும். அந்த விலகல் எந்தத் திரையிலும் தெரியாது. கட்டுப்படுத்தி அந்தப் பொய்யான எண்ணையே 600-இல் நிறுத்திவைத்துக்கொண்டிருக்கும். நெடுங்காலச் சோதனைகளுக்கு விலை பாராமல் பிளாட்டினம், ரோடியம் இணைகளைத் தேர்வது இதனால்தான்.

நீட்சியை அளப்பதும் இதே தன்மையது. விதித்தொகுப்பு கேட்கும் வீதத்தை, அதாவது ஆயிரம் மணிக்கு 0.01 விழுக்காட்டை, 50 மில்லிமீட்டர் அளவுநீளத்தில் எண்ணிப் பார்க்கலாம். ஆயிரம் மணி நேரத்தில் துண்டு நீள்வது 5 மைக்ரான். ஒரு நாளுக்கு 0.12 மைக்ரான். அதே துண்டு, வெப்பநிலை ஒரே ஒரு பாகை கூடினால் வெப்ப விரிவால் மட்டும் 0.6 மைக்ரானுக்கு மேல் நீளும். ஆக, உலையில் ஒரு பாகை ஊசலாட்டம் ஐந்து நாள் தவழ்வை மறைத்துவிடும். துண்டில் கடைந்து விடப்பட்ட இரு சிறு மேடுகளில், நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரின் பிடிகள் கவ்விக்கொள்ள, அவற்றின் தண்டுகள் உலைக்கு வெளியே இறங்கி நுண் இடப்பெயர்ச்சி உணரிகளைத் தொடுகின்றன. இந்தத் தண்டுகளின் ஒரு பகுதி உலையிலும் மறுபகுதி அறைக்காற்றிலும் இருப்பதால், அறையின் வெப்பம் மாறினாலும் வரைபடத்தில் அலை எழும். தவழ்வு ஆய்வகத்தில் உலைகள் கொதிக்கும் அறையையே குளிரூட்டிச் சீராக வைத்திருப்பதைப் பார்த்து முரண் என்று நினைப்பவர்கள் உண்டு. அளவீட்டின் பாதி அந்தக் குளிரூட்டியை நம்பித்தான் இருக்கிறது. துண்டின் இருபுறமும் தனித்தனியே அளந்து சராசரி எடுப்பதும் வழக்கம். இருபுற அளவுகள் மிகவும் வேறுபட்டால் துண்டு நேராக இழுபடவில்லை, வளைகிறது என்று பொருள். அப்படிப்பட்ட சோதனையைத் தொடர்வதைவிடத் தொடக்கத்திலேயே கழற்றி மறுபடி பூட்டுவது மேல்.

சுமையின் பிழையும் பெருகிவரும் இயல்புடையது. வீதம் தகைவின் எட்டாம் அடுக்கைப் பின்பற்றும் ஓர் உலோகத்தில், 10 மில்லிமீட்டர் விட்டத்தை அளப்பதில் 0.1 மில்லிமீட்டர் தவறினால் தகைவில் 2 விழுக்காடு பிழை. தவழ்வு வீதத்தில் ஏறத்தாழ 17 விழுக்காடு. நுண்துகள்களால் வலுவூட்டிய எஃகுகளில் அடுக்கு பத்தையும் தாண்டும். ஆகவே துண்டைக் கடைபவரின் கைத்திறன் நேரடியாக முடிவில் பேசுகிறது. கடைசல் கனமாக ஓடியிருந்தால் பரப்பில் கடினப்பட்ட தோல் ஒன்று உருவாகிவிடும். அதனால் கடைசிச் சீவல்கள் மிக மெல்லியதாக இருக்க வேண்டும். குறுக்குக் கீறல்கள் இருக்கவே கூடாது.

உலை வெப்பமேறும்போது குறித்த எண்ணைத் தாண்டிப் போய்த் திரும்பி வரக்கூடாது. பதப்படுத்திய எஃகு அந்தச் சில நிமிட மிகைச்சூட்டிலேயே தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளலாம். வெப்பம் நிலைபெற்று, குறைந்தது ஒரு மணி நேரம் ஊறிய பின், எடைக்கற்கள் அதிர்வின்றி ஒவ்வொன்றாக வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் நீட்சி குறிக்கப்பட வேண்டும். சுமை ஏறும்போதே நிகழும் மீள்நீட்சியைத் தவழ்விலிருந்து பிரித்தெடுக்க அதைத் தவிர வேறு வாய்ப்பில்லை.

அதன்பின் வரையப்படும் நேரம், நீட்சி வளைகோடு மூன்று கட்டங்களாகப் பாடநூல்களில் இருக்கும். முதலில் வேகமாகத் தொடங்கி மெல்லத் தணியும் கட்டம். பிறகு சீரான வீதத்தில் நேர்கோடாகச் செல்லும் இரண்டாம் கட்டம். இறுதியில் வேகமெடுத்து முறிவில் முடியும் மூன்றாம் கட்டம். தூய உலோகங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். மின்நிலையங்களில் பரவலாகப் பயன்படும் 9 விழுக்காடு குரோமிய எஃகுகளிலோ நேர்கோடு என்று சொல்லத்தக்க பகுதியே இல்லை. வீதம் குறைந்து ஒரு சிறுமத்தைத் தொட்டதும் உடனே ஏறத் தொடங்கி, ஆயுளின் பெரும்பகுதி மூன்றாம் கட்டத்திலேயே கழிகிறது. எனவே இன்று கவனமாக எழுதுபவர்கள் சீர்நிலை வீதம் என்பதைத் தவிர்த்துச் சிறும வீதம் என்கிறார்கள். அந்தச் சிறும வீதத்தையும் முறிவு நேரத்தையும் பெருக்கினால் ஒரே உலோகத்துக்கு ஏறக்குறைய ஒரு மாறிலி கிடைக்கிறது என்று மாங்க்மனும் கிராண்ட்டும் 1956-இல் காட்டினர். சோதனை முறிவை எட்டும் முன்பே ஆயுளை ஊகிக்க இது உதவுகிறது. ஆனால் முறியும் விதம் மாறினால் மாறிலியும் மாறிவிடும்.

நீட்சியே வேண்டாம், எப்போது முறிகிறது என்பது மட்டும் போதும் என்றால் செலவு வெகுவாகக் குறையும். எக்ஸ்டென்சோமீட்டர் தேவையில்லை, பல துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுத்து ஒரே உலையில் தொங்கவிடலாம். தரவுத் தொகுப்புகளில் பெரும்பான்மை இத்தகைய முறிவுச் சோதனைகளே. முறிந்த துண்டில் அளவுநீளம் எவ்வளவு நீண்டது, குறுக்குவெட்டு எவ்வளவு சுருங்கியது என்பவற்றையும் அளந்து எழுதுகிறார்கள். என் கணிப்பில் இந்த இரு எண்களுக்கும் உரிய மதிப்பு தரப்படுவதில்லை. முறிவு நேரங்கள் ஒழுங்கான கோட்டில் விழுந்துகொண்டிருக்கும்போதே நெகிழ்வு திடீரெனச் சரியத் தொடங்கினால், உள்ளே வேறொன்று நடக்கிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. குறுகிய காலச் சோதனையில் பரல்கள் இழுபட்டு, கழுத்து சிறுத்து முறியும் எஃகு, நெடுங்காலச் சோதனையில் பரல் எல்லைகளில் நுண்குழிகள் தோன்றி, அவை ஒன்றோடொன்று இணைந்து விரிசலாகி, அதிகம் நீளாமலே முறியக்கூடும். ஜெட் எஞ்சின் சுழலி இதழ்களை ஒற்றைப் படிகமாக வார்ப்பதன் நோக்கமும் இந்தப் பரல் எல்லைகளையே ஒழித்துவிடுவதுதான்.

இனிக் கணிப்பு. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த லார்சனும் மில்லரும் 1952-இல் முன்வைத்த முறை எளிமையால் உலகெங்கும் பரவியது. கெல்வின் வெப்பநிலையை, முறிவு நேரத்தின் மடக்கையோடு ஒரு மாறிலியைக் கூட்டிய தொகையால் பெருக்கினால், ஒரு குறிப்பிட்ட தகைவுக்கு அந்தப் பெருக்கம் மாறாது என்பது அதன் சாரம். மாறிலி 20 என்று கொள்வது வழக்கம். 600 பாகை என்பது 873 கெல்வின். ஒரு லட்சத்தின் மடக்கை 5. ஆகவே பெருக்கம் 873-ஐ 25-ஆல் பெருக்கக் கிடைக்கும் 21,825. இதே எண்ணை ஆயிரம் மணி நேரத்தில் எட்ட வேண்டுமானால் 23-ஆல் வகுக்க வேண்டும். 949 கெல்வின், அதாவது 676 பாகை செல்சியஸ் வருகிறது. பதினோரு ஆண்டுகளை ஆறு வாரங்களாகச் சுருக்கித்தரும் சூத்திரம் கவர்ச்சியானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் மாறிலியை 20-க்குப் பதில் 30 என்று வைத்து அதே ஆயிரம் மணிச் சோதனையைக் கணக்கிட்டால், 600 பாகையில் அந்த எஃகின் ஆயுள் ஒரு லட்சம் மணியன்று, ஏழு லட்சம் மணிக்கும் மேல் என்று வருகிறது. சோதனை மாறவில்லை, உலோகம் மாறவில்லை. தேர்ந்தெடுத்த மாறிலி மட்டும் மாறியது. மாறிலியைத் தரவிலிருந்தே கண்டறியலாமே என்றால், எந்தத் தரவிலிருந்து என்பதே கேள்வி. 9 முதல் 12 விழுக்காடு குரோமியம் கொண்ட எஃகுகளின் குறுகிய காலச் சோதனைகள் 30-ஐத் தாண்டிய மாறிலிகளைத் தருகின்றன; நெடுங்காலச் சோதனைகள் 20-ஐ ஒட்டிய எண்ணைத் தருகின்றன. முதல் தொகுதியை வைத்து வரைந்த கோட்டை நீட்டினால், இரண்டாம் தொகுதியின் புள்ளிகள் அதற்குக் கீழே விழுகின்றன.

காரணம் கணிதத்தில் இல்லை, நுண்ணமைப்பில் இருக்கிறது. இந்த எஃகுகளுக்கு வலிமை தருபவை மிக நுண்ணிய வனேடியம் நைட்ரைடுத் துகள்கள். சில ஆயிரம் மணி நேரம் வரை அவை அசையாமல் டிஸ்லொகேஷன்களை மறித்து நிற்கின்றன. பல்லாயிரம் மணி நேரம் கடந்ததும் இசட் கட்டம் எனப்படும் பருத்த குரோமிய நைட்ரைடு உருவாகத் தொடங்கி, அந்த நுண்துகள்களைக் கரைத்துத் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. குரோமியம் கூடினால் இம்மாற்றம் விரைகிறது. அரிப்பைத் தடுக்கக் குரோமியத்தை 12 விழுக்காட்டுக்கு உயர்த்திய எஃகுகள் குறுகிய காலத்தில் சிறந்து விளங்கி, நெடுங்காலத்தில் ஏமாற்றியது இப்படித்தான். 676 பாகையில் நடத்தும் ஆறு வாரச் சோதனை, 600 பாகையில் பத்தாண்டுகள் கிடந்து மாறிய எஃகைச் சோதிப்பதில்லை. இன்னும் மாறாத எஃகையே உயர்ந்த தகைவில் சோதிக்கிறது. பி92 என்ற 9 விழுக்காடு குரோமிய எஃகுக்கு, 600 பாகையில் ஒரு லட்சம் மணி முறிவுத் தகைவு சுமார் 123 மெகாபாஸ்கல் என்று ஐரோப்பியத் தவழ்வுக் கூட்டுக்குழு 1999-இல் மதிப்பிட்டது. நெடுங்காலத் தரவுகள் வந்து சேர்ந்ததும் 2005-இல் அதைச் சுமார் 113 ஆகக் குறைத்தது. பத்து மெகாபாஸ்கல் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அடுக்கு பத்தைத் தாண்டும் ஓர் உலோகத்தில் எட்டு விழுக்காட்டுத் தகைவு என்பது ஆயுளில் இரு மடங்குக்கு மேலான வேறுபாடு.

இதற்கு மாற்றாகச் சில ஒழுங்குகள் உருவாகியுள்ளன. மிக நீண்ட சோதனையின் காலத்தைப் போல மூன்று மடங்குக்கு அப்பால் நீட்டிக் கணிக்கக்கூடாது என்பது ஐரோப்பிய நடைமுறை. ஒரு லட்சம் மணிக்கு மதிப்புச் சொல்ல வேண்டுமானால், 33 ஆயிரம் மணியைத் தாண்டிய சோதனைகளாவது கையில் இருக்க வேண்டும். அந்த வெப்பநிலையில் உலோகம் மீளாமல் நிலையாக உருமாறத் தொடங்கும் தகைவில் பாதியை எல்லையாகக் கொண்டு, அதற்கு மேலுள்ள தரவையும் கீழுள்ள தரவையும் பிரித்துத் தனித்தனிக் கோடுகள் வரைவது ஜப்பானிய ஆய்வாளர்கள் பரிந்துரைத்த வழி. சோதனையை விரைவுபடுத்த வேண்டுமானால் தகைவைக் கூட்டுவதைவிட, தகைவை அப்படியே வைத்து வெப்பத்தை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுவது நல்லது என்பதிலும் இப்போது பெரும்பாலும் உடன்பாடு உண்டு.

ஆனாலும் எந்தக் கணிப்பையும் சரிபார்க்க ஒரே வழி காத்திருப்பதுதான். ஜப்பான் 1966-இல் தொடங்கிய தேசியத் தவழ்வுத் தரவுத் திட்டம் அந்தப் பொறுமையை ஒரு கொள்கையாகவே மேற்கொண்டது. ஒரு எஃகின் பல உருக்குகளை, அதாவது தனித்தனியே உருக்கி வார்த்த தொகுதிகளை, பல ஆலைகளிலிருந்து திரட்டி, ஒரு லட்சம் மணிக்கு மேல் சோதித்து, தரவை எல்லோருக்கும் வெளியிடுவது அதன் திட்டம். 1969-இல் அங்கே ஏற்றப்பட்ட ஒரு கார்பன் எஃகுத் துண்டு நாற்பது ஆண்டுகளைத் தாண்டிச் சுமையில் நின்று, அதுவரை ஜெர்மனியில் நடந்த 3,56,463 மணிச் சோதனை வைத்திருந்த சாதனையை 2011-இல் கடந்தது. சோதனையைத் தொடங்கியவர்கள் பணி ஓய்வு பெற்ற பின் வேறொரு தலைமுறை அளவெடுத்து முடிக்கும் ஆய்வுகள் பொருளறிவியலில் அரிது. அத்திட்டம் வெளிப்படுத்திய இன்னொரு செய்தியும் முக்கியமானது. ஒரே தரக்குறியீட்டைக் கொண்ட, விவரக்குறிப்புக்கு முற்றிலும் உட்பட்ட வெவ்வேறு உருக்குகளுக்கிடையே முறிவு நேரம் பல மடங்கு வேறுபடுகிறது. ஒற்றை உருக்கைச் சோதித்து அந்த எஃகின் வலிமை இதுவென்று அறிவிப்பதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும்.

துண்டின் அளவும் விடையில் தலையிடும். காற்றில் நடக்கும் சோதனையில் பரப்பு துருவாகிச் செதிலாவதால், தாங்கும் குறுக்குவெட்டு நாளடைவில் குறைகிறது. 10 மில்லிமீட்டர் துண்டில் புறக்கணிக்கத்தக்க அந்த இழப்பு 3 மில்லிமீட்டர் துண்டில் ஆயுளையே தீர்மானிக்கும். ஆர்கான் வாயுவிலோ வெற்றிடத்திலோ சோதித்தால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் உண்மையான குழாய் நீராவியையும் புகைவாயுவையும் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது அப்போது மறந்துபோகும்.

பற்றவைப்பில் சிக்கல் இன்னும் ஆழமானது. பற்றவைக்கும்போது வெப்பம் பரவிய ஓரப்பகுதியில், பரல்கள் மிக நுண்ணியதாகி வலுவிழந்த ஒரு மெல்லிய பட்டை உருவாகிறது. அடிப்படை எஃகு தாங்கும் தகைவில் இந்தப் பட்டை முன்னதாகவே குழிகள் தோன்றி விரிந்துவிடும். குறுகிய காலச் சோதனையில் துண்டு அடிப்படை எஃகிலேயே முறிவதால் பற்றவைப்பு வலுவானது என்ற தவறான எண்ணம் பிறக்கிறது; தகைவைக் குறைத்து நெடுங்காலம் ஓட்டும்போதுதான் முறியும் இடம் அந்தப் பட்டைக்கு நகர்கிறது. நீளவாக்கில் பற்றவைத்த மறுசூட்டு நீராவிக் குழாய் ஒன்று 1985-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள மொஹாவி மின்நிலையத்தில் வெடித்து ஆறு பேர் இறந்த பின், பற்றவைப்பின் குறுக்கே வெட்டியெடுத்த துண்டுகளைச் சோதிப்பதும், பற்றவைப்புக்குத் தனி வலிமைக் குறைப்புக் காரணி வைப்பதும் பெருங்கவனம் பெற்றன.

பணியில் இருக்கும் குழாய்க்கு இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்ற கேள்விக்கும் இதே ஆய்வகம்தான் விடை தேட வேண்டியிருக்கிறது. குழாயைப் பழுதாக்காமல் பெரிய துண்டு எடுக்க முடியாது என்பதால், பரப்பிலிருந்து மெல்லிய சில்லைச் சீவியெடுத்து, அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள வட்டத் தகட்டைக் குண்டுமுனையால் அழுத்திப் பார்க்கும் சோதனைகள் வளர்ந்துள்ளன. போதிய உலோகம் கிடைத்தால், குழாயின் பணித் தகைவையே மாற்றாமல் வைத்து, 20 பாகை இடைவெளிகளில் உயர்ந்த வெப்பநிலைகளில் பல துண்டுகளை முறித்து, முறிவு நேரத்தின் மடக்கையை வெப்பநிலைக்கு எதிராக வரைந்து, அந்தக் கோட்டைப் பணி வெப்பநிலைக்கு நீட்டுகிறார்கள். கோடு நேராகவே வந்தாலும், குழாய் உண்மையில் எந்த வெப்பத்தில் ஓடியது என்பதை மின்நிலையத்தின் பதிவேடு பத்து பாகைக்குள் சொல்வதே அரிது. பத்து பாகை என்றால் ஆயுள் பாதியாகலாம், இரட்டிப்பும் ஆகலாம். ஆகையால் அனுபவமுள்ள ஆய்வகங்கள் தம் அறிக்கையில் முறியும் தேதியைத் தருவதில்லை. கிடைத்த ஆயுளில் ஒரு சிறு பகுதியை மட்டும் அனுமதித்து, அதற்குள் மறுபடி பரப்பைத் தேய்த்து மெருகேற்றி, பரல் எல்லைகளில் குழிகள் தோன்றியுள்ளனவா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய அடுத்த ஆய்வு நாளைத்தான் தருகின்றன.